நத்தார் பொலையின் மைக்குக்காரி

அருள்செல்வி எங்கே என்று கேட்டால் தோட்டத்தில் பாதிப் பேர் யோசிப்பார்கள். மைக்குக்காரி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் அவள் லயத்து வீட்டைக் கைகாட்டிவிடும். வருசத்தில் பதினைந்தே நாள் டவுனில் பிடித்த மைக்கு அது. மற்ற நாளெல்லாம் அவள் பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஆட்டி, மூக்குத் துடைத்து, பால்மா கரைத்துக் கொடுத்துப் பொழுது சாய்கிறவரை வைத்திருக்க வேண்டும். இருபது வருசத்துக்கு மேல் செய்த அந்த வேலையால் அவளுக்கு ஒரு பெயரும் வரவில்லை. மைக்கால் வந்த பெயர்தான் நின்றது. முதலில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். பிறகு வேறு மாதிரிச் சொன்னார்கள்.

தோட்டம் தெஹியோவிட்டைக்கு மேலே, சரிவில் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க ஆசைப்பட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். அருள்செல்வியின் அப்பா மலைக்கோயில் என்கிற கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் வாசிக்கிறவர். மகளை எப்படியும் படிக்க வைக்க வேண்டுமென்று கீழே கிராமத்துச் சிங்களப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் வருசம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. திறந்தபோது வந்த சிங்களத்தில் எங்கும் ஒட்டுப் போட்ட அடையாளம் தெரியவில்லை. மூஞ்சியைப் பார்க்காமல் கேட்டால் கிராமத்து முதலாளி வீட்டுப் பெண் என்றுதான் நினைப்பார்கள். தமிழ் எழுத்தை அவள் கோயிலில்தான் படித்தாள். அதனால் அவள் பேசும் தமிழில், நாலு பேருக்கு முன்னால் நின்றால், வேதப்புத்தக நடை ஏறிக்கொள்ளும்.

படித்த படிப்புக்குக் கிடைத்தது பிள்ளைக் காம்பரா வேலை. எண்பத்தேழில் அவள் ஆயாவாகச் சேர்ந்தபோது, தூளியில் கிடந்த முதல் பிள்ளைகளில் ஒன்று பக்கத்து வீட்டு விஜயகலாவின் மகன் தினேஷ். விஜயகலா இந்து, அருள்செல்வி கிறிஸ்தவம். லயத்தில் இரண்டு வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். தீபாவளிப் பலகாரம் இந்தப் பக்கம் வரும், கிறிஸ்மஸ் கேக் அந்தப் பக்கம் போகும். அருள்செல்வி அடுத்த வருசம் பவுலைக் கட்டிக்கொண்டாள். பவுல் பால் வெட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் ஒரு வாரத்துக்கு மறக்காது.

டவுனில் நத்தார் பொல தொடங்கியது தொண்ணூற்றிரண்டில். நத்தார் என்றால் கிறிஸ்மஸ், பொல என்றால் சந்தை. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் அங்கே அது பொலதான். பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த பிரதேச சபை மைதானத்தில் டிசம்பர் பத்தாம் தேதி தகரக் கொட்டகை எழும்பும். இருபத்து நாலாம் தேதி பிரிப்பார்கள். டவுனில் கிறிஸ்தவக் குடும்பம் நூறுகூடத் தேறாது. ஆனாலும் மொத்த ஊரும் பொலைக்குப் போகும். போய் வந்து மொத்த ஊரும் குறை சொல்லும்.

டவுன் கடைக்காரர்களுக்கு, வெளியூர்க்காரன் வந்து டிசம்பர் வியாபாரத்தை அள்ளிக்கொண்டு போகிறான் என்று எரிச்சல். மாவனல்லையிலிருந்து துணி கொண்டுவரும் ஜுனைதீன் நானாவுக்கு, தனக்கு மட்டும் வருசா வருசம் சாக்கடை ஓரத்துக் கொட்டகையையே தருகிறார்கள் என்று மனத்தாங்கல். கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி ஆற்றில் விடுகிற இளவட்டங்கள் வருவார்கள். இதெல்லாம் ஒரு பொலையா என்று சிரித்துக்கொண்டே நாலு தடவை சுற்றுவார்கள். தோட்டத்துச் சனங்களுக்கோ வேறு கதை. "நம்ம சட்டையில இருக்குற பால் கறையப் பாத்துட்டுத்தான் அவன் வெலையே சொல்லுறான்" என்பார்கள். போன வருசம் விற்காத சப்பாத்தைத் துடைத்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இறங்கிப் போவார்கள். வேறு எங்கே போவது?

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் சாயந்தரம், அருள்செல்வியும் பவுலும் பொலையில் நின்றபோது, மேடையருகே ஒரு சின்னப் பெண்பிள்ளை நின்று அழுதுகொண்டிருந்தது. மைக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் சபைக் கிளாக்கர் விமலதாச. நல்ல மனிதர்தான், பிள்ளையின் பெயரையும் தாயின் பெயரையும் சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். பிள்ளை தமிழில் அழுதது. அருள்செல்வி மேடையேறிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். கேட்டதெல்லாம் கேட்டுக்கொண்டு விமலதாசவிடம் சொன்னாள். அவர் மைக்கையே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் முதலில் தமிழில் கூப்பிட்டாள், பிறகு சிங்களத்தில். மைதானம் அப்படியே நின்றது. அதுவரை அந்த ஒலிபெருக்கியில் தமிழ் வந்ததே இல்லை. முறுக்குக் கடையில் நின்ற தோட்டத்து ஆட்கள், தங்களைப் பெயர் சொல்லி அழைத்த மாதிரித் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் தாய் கூந்தல் அவிழ ஓடி வந்தாள். அருள்செல்விக்கு அவளைப் பார்த்தது நினைவில்லை. தன் சத்தம் தகரக் கூரைகளைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, ஆற்றுப்பக்கம் போய்ச் சேர்ந்ததுதான் நினைவு. வீட்டுக் காம்பராவுக்குள் ஒரு பாட்டுப் பாடவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று தொண்டையை அடக்கிப் பழகியவளுக்கு, அது என்னவோ மாதிரி இருந்தது.

அடுத்த வருசம் விமலதாச ஆள் அனுப்பினார். பதினைந்து நாளும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை மைக்கு அவளுடையது. "தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் அன்பான சகோதர சகோதரிகளே" என்று அவள் தொடங்கும்போது, உள்ளே வராமல் வாசலிலேயே தயங்குகிற கூட்டம் உள்ளே வரும். எந்தக் கொட்டகையில் என்ன இருக்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, தண்ணீர் எங்கே கிடைக்கும், எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னாள். ஜுனைதீன் நானா சொன்னார்: "தங்கச்சி, நீங்க தமிழ்ல சொன்ன பொறகுதான் சாக்கடைப் பக்கமும் ஒரு கடை இருக்குதுன்னு சனத்துக்குத் தெரியுது." அந்த வருசம்தான் மைக்குக்காரி என்ற பெயர் வந்தது.

பொலையில் ஒரு கருத்துப் பெட்டி வைப்பது சபைத் தலைவர் கண்டுபிடித்த வழக்கம். சனங்கள் தங்கள் அபிப்பிராயத்தைத் துண்டில் எழுதிப் போட வேண்டும். கடைசி நாள் பெட்டியைத் திறந்து மைக்கில் வாசிப்பார்கள். அதையும் அருள்செல்வியிடமே விட்டார்கள். சிங்களத் துண்டென்றால் வாசித்துவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழ்த் துண்டென்றால் சிங்களத்தில். கக்கூசுக்குக் கதவு வேண்டும். நத்தார் தாத்தாவின் தாடி ஊத்தையாக இருக்கிறது. கேக்கில் முட்டையே இல்லை. வெளியூர் வியாபாரிகளைத் துரத்துங்கள். வெளியூர் வியாபாரிகளை இன்னும் கூட்டுங்கள். கூட்டம் சிரிக்கும், கைதட்டும். எழுதியவன் கூட்டத்துக்குள் நின்று தன் துண்டு வருகிறதா என்று காத்திருப்பான்.

தொண்ணூற்றெட்டில், அப்படி வாசித்துக்கொண்டு வரும்போது, ஒரு துண்டை எடுத்தாள். நல்ல கையெழுத்து. கண் முந்திப் போவதற்குள் வாய் தொடங்கிவிட்டது. "அந்தத் தெமள பொம்பளையின் சத்தத்தை நிறுத்துங்கள். நத்தாருக்கு வந்தோமா, புலிகளின் கூட்டத்துக்கு வந்தோமா என்று தெரியவில்லை." சிங்களத்தில், தமிழரைக் குறிக்கிற அந்தத் தெமள என்ற சொல்லிலும் தடுக்காமல், அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தாள். அங்கங்கே சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்தார்கள். வழக்கப்படி அடுத்தது தமிழ். அதையும் சொன்னாள். முன்வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள் கையிலிருந்த பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதை ஒதுக்கி வைத்திருக்கலாமே நங்கி" என்றார் விமலதாச. தங்கை என்று கூப்பிடுவதுதான் அவர் வழக்கம்.

"எல்லோர் கருத்தையும் வாசிக்கத்தானே பெட்டி, மாத்தயா" என்றாள். அந்தப் பதில் அவளுக்கே பிடித்திருந்தது.

பவுலுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "நல்லா வாசிச்சியாமே. டவுனே பேசுது. அவன் செருப்பால அடிக்கிறான். நீ அது எத்தனாம் நம்பர் செருப்புன்னு ரெண்டு பாஷையிலயும் சொல்லுற."

"அப்ப என்னா செய்யச் சொல்லுறீங்க? எறங்கிட்டா அவன் சொன்னது சரின்னு ஆயிடாதா?"

"எறங்குனா வீட்டுக்கு வந்திருப்ப. அவ்வளவுதான்."

அவள் இறங்கவில்லை. அடுத்த வருசமும் அதே கையெழுத்தில் துண்டு வந்தது. அதற்கடுத்த வருசம் மூன்று கையெழுத்தில் வந்தது. யுத்தம் நின்ற இரண்டு மூன்று வருசம் மட்டும் பெட்டியில் அந்த மாதிரித் துண்டு குறைந்தது. அந்த வருசங்களில் ஒரு சிங்கள டீச்சர் மேடைக்கே வந்து, உன் தமிழைக் கேட்க இனிமையாக இருக்கிறது, பொருள்தான் புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை அருள்செல்வி ஒரு மாதம் வரை பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

பிறகு யுத்தம் திரும்பியது. இரண்டாயிரத்தாறில் பொலைக் குழு கூடி, இந்த வருசம் தமிழ் அறிவிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று தமிழில் சொல்வதில் என்ன ஆபத்து என்று அவள் கேட்கவில்லை. விமலதாச முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சிங்களத்தில் உன்னைவிட நல்ல குரல் எனக்குக் கிடையாது நங்கி. நீ இரு."

இருந்தாள். அதுதான் அவள் பிற்பாடு தன் மேல் வைத்த முதல் குற்றச்சாட்டு. கூலிக்காக இருந்தாள் என்று சொல்ல முடியாது. பதினைந்து நாள் கூலியில் ஒன்றும் கோட்டை கட்டவில்லை. அந்தச் சத்தத்தை விட முடியவில்லை. தகரக் கூரைகளைத் தாண்டிப் போகிற தன் சத்தம். அது எந்த மொழியில் போனால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தோட்டத்து ஆட்கள் வாசலில் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தமிழ் வரவில்லை. வந்தவர்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு சீக்கிரம் திரும்பினார்கள்.

"மைக்கு தமிழ மறந்துருச்சா அக்கா?" என்று விஜயகலா கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள்.

"மேல எடுத்த முடிவு, கலா. நான் என்னா செய்ய?"

அடுத்த வருசம், இரண்டாயிரத்தேழு, டிசம்பர் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை. போன மாதம்தான் கொழும்புப் பக்கம் குண்டு வெடித்திருந்தது. பஸ்ஸில் பையைத் திறந்து காட்டாமல் யாரும் எங்கும் போக முடியாது. தோட்டத்தில் அடையாள அட்டை இல்லாதவர்கள் நிறைய. பிறப்பைப் பதிந்திருக்கமாட்டார்கள், பதிந்திருந்தால் பெயர் பிழையாக இருக்கும், பெயர் சரியாக இருந்தால் விண்ணப்பம் எங்கேயாவது தொலைந்திருக்கும். தினேஷ் அவசரத்தில் லயத்திலேயே பிறந்தவன். பதியவில்லை. இருபது வயதாகியும் கிராமசேவகரின் கடிதம் ஒன்றை மடித்து மடித்துக் கிழிந்துபோக வைத்துக்கொண்டு திரிந்தான். ஆனாலும் கிறிஸ்மசுக்கு முந்தின ஞாயிறு. விற்காத சரக்கை விலை குறைத்துத் தள்ளுகிற நாள். சனம் இறங்கி வந்தது.

நாலரை மணிக்கு விமலதாச ஒரு பொலிஸ் அதிகாரியோடு மேடைக்கு வந்தார். அதிகாரி மரியாதையாகவே பேசினார். அடையாள அட்டை இல்லாத தோட்டத்து மக்கள் பண்டிகைக் காலத்தில் கஷ்டப்படுகிறார்கள். மேற்கு வாசலில் அதிகாரிகள் உட்கார்ந்து தற்காலிகத் துண்டு எழுதித் தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு தைப்பொங்கல் வரை தொல்லையில்லாமல் போய் வரலாம். ஆனால் சிங்களத்தில் சொன்னால் யாரும் வருகிறார்களில்லை, நீ தமிழில் சொல்ல வேண்டும் என்றார்.

அருள்செல்வி விமலதாசவைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

அவளுக்குச் சந்தோசம் வந்தது. இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. இரண்டு வருசத்துக்குப் பிறகு தமிழ்; அதுவும் சனத்துக்கு உபயோகமான சங்கதி. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை எடுத்தாள். "தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் அன்பான சகோதர சகோதரிகளே, அடையாள அட்டை இல்லாதவர்கள் மேற்கு வாசலுக்கு வரவும். தற்காலிகத் துண்டு எழுதித் தருகிறார்கள்." அதிகாரி சொன்னது அவ்வளவுதான். சனம் அங்கங்கே நின்று ஒருவரையொருவர் பார்த்தது. அவர்கள் தயங்குவது மேடையிலிருந்து தெரிந்தது. அப்போது அவள் தன் பாட்டில் சேர்த்துச் சொன்னாள்: "பயப்படாதீங்க. நான் அருள்செல்வி சொல்லுறேன். வாங்க."

வந்தார்கள். ஒருவர், இருவர், பிறகு ஒரு கூட்டமாக. மேற்கு வாசலில் உண்மையாகவே ஒரு மேசையும் கதிரையும் போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தகர வேலி. வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மைதானத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. மேடை உயரம், அவளுக்குத் தெரிந்தது. ஒரு பச்சை லொறி நின்றது. மேசையில் பெயர் சொன்னவர்களை வேலிக்கு அப்பால் கூட்டிப்போய் அதில் ஏற்றினார்கள். அடி இல்லை, சத்தம் இல்லை. ஏறியவர்கள்கூட ஏதோ ஒழுங்குக்குத்தான் ஏற்றுகிறார்கள் என்று நினைத்த மாதிரி, கையிலிருந்த கிறிஸ்மஸ் சாமான்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் பிடித்தது. விளங்கியபோது மைதானத்தின் நடுவே தினேஷ் வந்துகொண்டிருந்தான். நீலச் சட்டை, கையில் ஜுனைதீன் நானா கடைப் பை. இன்னும் முப்பது நாற்பது அடிதான் இருந்தது.

மைக்கு அவள் கையில் இருந்தது. திறந்தும் இருந்தது, விரல் அதன் கழுத்தில் சூடாக இருந்ததைச் சாகிறவரை மறக்கமாட்டேன் என்று சொல்வாள். போகாதடா என்று ஒரு சொல். தமிழில் ஒரே ஒரு சொல். பக்கத்தில் அதிகாரி நின்றார். அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையை மட்டும் தூக்கினாள். தினேஷ் மேடையைப் பார்த்தான். சிரித்தான். மேற்கு வாசலுக்குப் போனான்.

அவள் மைக்கை வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம், ஒட்டுத் தெரியாத தன் சிங்களத்தில், இவர்களெல்லாம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், நான் தூக்கி வளர்த்தவர்கள் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் தெமளவா? உன் அட்டை எங்கே?" அட்டையைக் காட்டினாள். புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "சரியாக இருக்கிறது. நீ போய் உன் வேலையைப் பார்."

மேடையில் விமலதாச கரோல் கசெட்டைப் போட்டுவிட்டிருந்தார்.

பதினொரு பேர். தோட்டத்துத் துரை கடிதம் கொடுத்து ஏழு பேர் மறுநாள் காலையில் வந்தார்கள். மூன்று பேர் இரண்டு வாரத்தில் வந்தார்கள். தினேஷ் வரவில்லை. பிடிபடுவதற்கு முன்னால் ஆறு மாதம் அவன் கொழும்பில் ஒரு கடையில் நின்றிருந்தான்; கடைக்காரர் யாழ்ப்பாணத்தார். புலிச் சந்தேகத்துக்கு அது போதும் என்று அவனை உள்ளே வைத்துக்கொண்டார்கள். எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தெரியவே தாய்க்கு நாற்பது நாள் ஆனது.

விமலதாச ஒருமுறை தோட்டத்துக்கு வந்தார். தன்னிடமும் துண்டு எழுதித் தருவதாகத்தான் சொன்னார்கள், பிள்ளைகள் மேல் சத்தியம், லொறி வருவது தனக்குத் தெரியாது என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். அருள்செல்வி நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அவரை உட்காரச் சொல்லவும் இல்லை.

விஜயகலா சண்டை போட்டிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால், முடியைப் பிடித்து இழுத்திருந்தால், அதுவும் தாங்கக்கூடியதுதான். அவள் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை மட்டும் பேசினாள்.

"அவன் போகமாட்டேன்னுதான் சொன்னான் அக்கா. லெட்டர் இருக்கு, போதும்னான். நான்தான் தள்ளிவிட்டேன். போடா, பெரியம்மாவே சொல்லுறாங்க இல்லன்னு நான்தான் தள்ளிவிட்டேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு பேச்சில்லை. மாதம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து மகனைப் பார்க்கப் போவாள். கதவு திறப்பதும், பையில் சோற்றுப் பொட்டலம் வைப்பதும், செருப்பு போடுவதும் சுவருக்கு இந்தப் பக்கம் அப்படியே கேட்கும். அருள்செல்வி படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

தோட்டம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பொலிசிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினாள் என்றார்கள். சிங்களப் பள்ளியில் படித்தவள் வேறு எப்படி இருப்பாள் என்றார்கள். மலைக்கோயிலில் அவள் உட்காருகிற வாங்கில் இடம் கூடிக்கொண்டே போனது. பிள்ளைக் காம்பராவுக்குப் பிள்ளைகளை விட வேறு வழியில்லை, விட்டார்கள். முன்பெல்லாம் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது தரையில் விட்டுவிட்டுப் போனார்கள். டவுனில் ஆளுக்கொரு கருத்து. அவள் தேசத்துக்கு நல்லது செய்தாள் என்றார் பஸ் நிலையத்தில் ஒரு கடைக்காரர், அவளிடமே. ஒரு பணிஸ் இலவசமாகக் கொடுக்க வந்தார். அவள் அன்று அந்தக் கடையில் எதுவும் வாங்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

பவுல் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்லுங்க, ஏதாவது சொல்லுங்க என்று அவள் ஒருநாள் கத்தினாள். பவுல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "எறங்கி வான்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு என்னா தெரியும்?" என்றான்.

இரண்டாயிரத்தெட்டில் பொல நடந்தது. அவள் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

தினேஷ் வந்தது இரண்டாயிரத்தொன்பது பெப்ரவரியில். வழக்கு ஒன்றும் இல்லை, போகலாம் என்று பதினாலு மாதத்துக்குப் பிறகு சொன்னார்களாம். ஆள் பாதியாகியிருந்தான். வலது காது சரியாகக் கேட்கவில்லை. யாராவது பேசினால் இடது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான். நாலாம் நாள் விஜயகலா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அருள்செல்வி பக்கத்து வாசலுக்குப் போனாள். அவன் படியில் உட்கார்ந்திருந்தான். அவள் இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"தினேஷ், பெரியம்மா ஒண்ணு சொல்லணும்டா. யாருக்கும் சொல்லல. நீ வரும்போது லொறிய நான் பாத்துட்டேன். மைக்கு கையிலதான் இருந்துச்சு. போகாதன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. பயந்துட்டேன்."



"நானும் உங்களப் பாத்தேன் பெரியம்மா. கையத் தூக்குனீங்க."

"ஆமா. நிக்கச் சொல்லித்தான்..."

"நான், சீக்கிரம் போன்னு சொல்லுறீங்கன்னு நெனச்சேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு இடம் கிடைத்திருக்கும். "ஏதாச்சும் சாப்புட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். இரண்டு மாதத்தில் அவன் தோட்டத்தை விட்டுப் போனான். மத்திய கிழக்குக்குப் போக, அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் சேர்த்து, ஆள் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். போகிறபோது லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான், அருள்செல்வியிடமும் சொல்லிக்கொண்டான். அவளுக்கும் மற்றவர்களுக்கும் அவன் வித்தியாசம் காட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். தோட்டத்தில் அன்று எல்லோரும் நேரத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நவம்பர் கடைசியில் பிள்ளைக் காம்பரா வாசலில் விமலதாச வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சபைக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறார். இந்த வருசம் பொலையைப் பெரிதாகச் செய்யப் போகிறார்கள். தமிழ் அறிவிப்பும் வேண்டும், இனி எல்லோரும் ஒன்று என்று காட்ட வேண்டும் என்கிறார் என்றார். "எல்லாம் முடிந்துவிட்டது நங்கி. பழையபடி வா."

அருள்செல்வியின் மடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வருசமாக அவரோடு அவள் சிங்களத்தைத் தவிர வேறு மொழியில் பேசியதில்லை.

"முடிஞ்சிருச்சுன்னு நீங்க சொல்லுறீங்க" என்றாள் தமிழில். "எனக்கு யாரும் சொல்லல. நான் வரமாட்டேன். என் சத்தத்தக் கேட்டு இனி ஒரு நாய்க்குட்டியும் எங்கேயும் போக வேண்டாம்."

அவருக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பொல நடந்தது. அவிசாவளைப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு இளம் டீச்சரைப் பிடித்தார்கள். தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசினாளாம். டிசம்பர் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் பாதிச் சனம் இறங்கிப் போனது. லொறியில் ஏறித் திரும்பி வந்த பத்துப் பேரில் ஆறு பேரும் போனார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் அலைய முடியாதென்று ஐந்து தாய்மார் குழந்தைகளை அருள்செல்வியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சாயந்தரம் வந்து பிள்ளைகளை வாங்கும்போது ஒருத்தி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், சொன்னாள்: "நல்லாத்தான் இருந்துச்சுக்கா. வெலைதான் கூட. புதுசா வந்த டீச்சர் அழகாப் பேசுறாங்க. கொஞ்சம் உங்க சத்தம் மாதிரியே."

அருள்செல்வி பிள்ளையின் தொப்பியைக் கட்டிக் கையில் கொடுத்தாள். அவளுக்கு அப்போது வயது நாற்பது. பவுல் அடுப்பு மூட்டியிருந்தான். பக்கத்துக் காம்பராவுக்கு விஜயகலா இன்னும் வரவில்லை. அவளும் பொலைக்குத்தான் போயிருந்தாள்.